மஞ்சள் தண்ணீரில் நனைந்த பெல்ட்

செருப்பை அங்கே விடாதேம்மா, நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு அப்பாவுடைய செருப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மனுஷர் ஒற்றைச் செருப்போடு வண்டி ஓட்டிக்கொண்டு போனார். என் பக்கத்தில் விடு. உட்கார். துடைத்துவிட்டு உட்கார், காக்கா எச்சம்.

கராத்தேயில் சேர்க்கத்தானே வந்திருக்கிறாய்? பார்த்ததுமே தெரிந்தது. பிள்ளையின் கையை இந்த இறுக்கு இறுக்கிப் பிடித்திருக்கிறாயே. எத்தனை வயசு, நாலரையா? எடுப்பார்கள், எடுப்பார்கள். ஆனால் இன்றைக்கு மாஸ்டரிடம் பேச முடியாது. இன்றைக்கு பெல்ட் டெஸ்ட். எட்டரை ஆகிவிடும். அதுவரைக்கும் இந்தத் தண்ணீர்த் தொட்டி நிழலில் என்னோடு இரு. எனக்கும் உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

கிரவுண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேனே, ஏன் என்று பார்க்கிறாய். கண் வலியா என்று ஒருத்தி கேட்டுவிட்டே போனாள். கண்ணெல்லாம் நன்றாக இருக்கிறது. திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று என் மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ கொடுக்கவில்லையே. நீ பார்த்துச் சொல். வெள்ளை பெல்ட் வரிசையில் கடைசியாக, ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். பெல்ட் மட்டும் கொஞ்சம் பழுத்த மாதிரி இருக்கும். இருக்கிறாளா? நேராக நிற்கிறாளா? மூக்கை நோண்டுகிறாளா? இல்லையா, சரி.

அவள்தான் நாச்சியார். ஆறு வயசு. கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவள். எனக்கு இப்போது நாற்பத்தேழு. பள்ளிக்கூடத்தில் விடப் போனால், பாட்டி வந்துவிட்டார்கள் என்கிறான் வாட்ச்மேன். அவன் கிடக்கிறான்.

நான் பயந்த சுபாவம் என்று என் வீட்டுக்காரர் மில்லில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். எனக்கு என்ன பயம்? நான் முன்ஜாக்கிரதைக்காரி, அவ்வளவுதான். பிள்ளையின் பையை நான் சுமப்பேன். ரோட்டைக் கையைப் பிடித்துத்தான் தாண்ட வைப்பேன். இட்லியைப் பிட்டு ஆற்றிக் கொடுப்பேன். தண்ணீர்த் தொட்டி மூடிமேல் கல் வைப்பேன், கல்மேல் இன்னொரு கல் வைப்பேன். இதற்குப் பெயர் பயமா? நீயே சொல். சரி, நீ சின்னப் பெண், உனக்குத் தெரியாது.

ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிறகு ஒரு நாள் சத்துணவு ஆயா என்னை நிறுத்தி, "ஏம்மா பவுனுத்தாய், உன் மக முட்டை திங்க மாட்டாளா?" என்று கேட்டார்கள். திங்காமல் என்ன, வீட்டில் இரண்டு தின்பாள். விசாரித்தால், பக்கத்தில் உட்காருகிற பையன் தினம் இவள் தட்டிலிருந்து முட்டையை எடுத்துத் தின்கிறான். மூன்று மாதமாக. இவள் வாயே திறக்கவில்லை. "ஏண்டி சொல்லல?" என்று கேட்டேன். "அவன் எடுப்பாம்மா" என்றாள். மழை பெய்யும்மா, பஸ் வரும்மா என்று சொல்வது மாதிரி, அவன் எடுப்பாம்மா.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. முட்டைக்காக இல்லை.

நான் ஏழாவதோடு நின்றவள். படிப்பு வராமல் நிற்கவில்லை. கணக்கில் நான்தான் முதல், வேண்டுமானால் இன்றைக்கும் ஒரு புடவை நீளத்தைச் சொல், எத்தனை ஜாக்கெட் வரும் என்று வாயாலேயே சொல்கிறேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு சைக்கிள் கடை. அங்கே ஒருத்தன் தினம் வழிமறிப்பான், பையைப் பிடித்து இழுப்பான். ஒரு நாள் கையைப் பிடித்தான். வீட்டில் சொன்னேன். மறுநாளிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். என்னைத்தான் நிறுத்தினார்கள். அவனை யாரும் நிறுத்தவில்லை. அவன் அந்தக் கடையிலேயே இருந்தான், பஞ்சர் ஒட்டிக்கொண்டு, கல்யாணம் பண்ணிக்கொண்டு, பிள்ளை பெற்றுக்கொண்டு. நான் வீட்டில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் சேர்த்தேன். யாரையும் கேட்கவில்லை.

வீட்டுக்காரர், "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு பவுனு, பரதம் கிரதம்னு ஏதாச்சும் விடலாமே" என்றார். "முட்டையப் பிடுங்குறவன் முன்னாடி பரதம் ஆடச் சொல்றீங்களா?" என்றேன். சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். நாத்தனார் மதுரையிலிருந்து போன் போட்டு, "மதினி, கை காலெல்லாம் காய்ச்சுப் போயிரும், நாளைக்கு யாரு கட்டுவா?" என்றாள். "கட்டுறவன் அந்தக் கையப் பாத்து ஒழுங்கா இருக்கட்டும்" என்றேன். அதற்கப்புறம் அவள் தீபாவளிக்குத்தான் பேசினாள்.

இப்போது என்ன செய்கிறார்கள்? ஓடவிடுகிறாரா? சரி, அது உடம்பு சூடேற. ஓட்டத்தில் அவள் கடைசியில்தான் வருவாள். கடைசியா? சொன்னேனே.

எட்வின் மாஸ்டர் நல்ல மனுஷர். குறை சொல்ல மாட்டேன், கொஞ்சம்தான் சொல்வேன். சேர்க்கிற அன்றைக்கே இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பெற்றோர் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். இரண்டு, டிரெஸ்ஸைத் துவைக்கலாம், பெல்ட்டை மட்டும் துவைக்கக் கூடாது. "அது உழைச்ச வேர்வை அக்கா, போகக் கூடாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேர்வையைச் சேர்த்து வைத்தால் தோலில் படைதான் வரும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பெல்ட்டைத் துவைக்கவில்லை. அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். மற்றதைக் காப்பாற்றவில்லை. எப்படி வெளியே நிற்பது? பிள்ளைக்குத் தாகம் எடுத்தால்? எறும்பு கடித்தால்? கேட்டுக்குள்ளே வந்து அந்தக் கொடிமரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன். மாஸ்டர் முதலில் இரண்டு தடவை சொன்னார், அப்புறம் விட்டுவிட்டார். ஆறு மாதம் ஒரு வகுப்பு விடாமல் பார்த்தேன். இச்சி, நி, சான், ஷி என்று அவர்கள் எண்ணுவதெல்லாம் எனக்கு மனப்பாடம். மஞ்சள் பெல்ட்டுக்கு ஒரு கட்டா செய்ய வேண்டும். கட்டா என்றால், ஆள் இல்லாமலே ஆள் இருப்பது மாதிரி திரும்பித் திரும்பித் தடுத்து அடிப்பது. இருபது அடி. தையல் மிஷினை மிதித்துக்கொண்டே வாயால் சொல்லுவேன்: இடது பக்கம் திரும்பு, கீழே தடு, முன்னால் வை, குத்து. வீட்டில் அவள் செய்யும்போது நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். நான் சொன்னால் ஒரு அடி தப்பாது. நான் இருக்கும்போது அவளுக்கு எதற்கு ஞாபகம்?

ஒரே ஒரு குறைதான். கத்த மாட்டாள். கடைசி அடியில் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுக்க வேண்டும், எதிரி நடுங்குகிற மாதிரி. இவளுக்கு வராது. கொசு போனது மாதிரி ஒரு சத்தம். "நாச்சியார், எனக்குக் கேக்கலையே" என்பார் மாஸ்டர். இவள் என்னைப் பார்ப்பாள். "கத்துடி, கத்து!" என்று நான்தான் கத்துவேன்.

ஆனால் அந்தப் பெல்ட்டின்மேல் அவளுக்கு இருந்த ஆசை இருக்கிறதே! வீட்டுக்கு வந்தாலும் அவிழ்க்க மாட்டாள். பாவாடைமேல் கட்டுவாள், நைட்டிமேல் கட்டுவாள், கட்டிக்கொண்டே தூங்குவாள். முடிச்சு மட்டும் நான்தான் போட வேண்டும்.

டெஸ்டுக்கு எட்டு நாள் இருக்கும்போது அம்மை போட்டுவிட்டது.

முகமெல்லாம், முதுகெல்லாம். வாசலில் வேப்பிலை சொருகினேன். அம்மை இருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, ஊசி பிடிக்கக் கூடாது. மிஷினை மூடிப் போட்டேன். மாசிக் கல்யாணத் துணியெல்லாம் அப்படியே கிடந்தது, ஊரே திட்டியது. டெஸ்ட் அன்றைக்கு வேப்பிலைப் படுக்கையில் கிடந்துகொண்டு, பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். சத்தம் போட்டு அழுதாலாவது நான் அதட்டுவேன். இப்படி அழுகிற பிள்ளையை என்ன செய்ய?

அம்மை இறங்கி மூன்று தண்ணீர் ஊற்றினோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். பிள்ளைக்கும் ஊற்ற வேண்டும், பிள்ளை படுத்த துணி, தொட்ட துணி எல்லாவற்றையும் மஞ்சள் தண்ணீரில் நனைக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? பெல்ட் அவள் கையிலேயே இருந்தது. விட முடியுமா? நனைத்தேன். மூன்று தண்ணீருக்கும் நனைத்தேன். டிரெஸ் பீரோவுக்குள் இருந்தது, அதை அவள் தொடவில்லை. அதனால் டிரெஸ் வெள்ளை. பெல்ட் மஞ்சள். செவ்வந்திப்பூ இருக்கிறதே, அந்த மஞ்சள்.

காய்ந்ததும் எடுத்துப் பார்த்துவிட்டு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, பாஸாயிட்டேனா?" என்றாள்.

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? பதினெட்டு நாள் சோறு தண்ணியில்லாமல் கிடந்த பிள்ளை. முகத்தில் வடு காயவில்லை. "ஆமா தாயி" என்று சொன்னேன். அம்மையைத் தாண்டி வந்தது பாஸ் இல்லையா? எனக்குத் தெரிந்து அதைவிடப் பெரிய டெஸ்ட் கிடையாது.

இப்போது கட்டா ஆரம்பித்துவிட்டார்களா? பச்சை பெல்ட்டா? அவர்கள் முடிந்து, பிறகு ஆரஞ்சு, மஞ்சள், அப்புறம்தான் வெள்ளை. பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டுமா உன் மகனுக்கு? என்னிடம் வெந்நீர் இருக்கிறது. குடி ராசா. மெதுவாகக் குடி, புரையேறும்.

மூன்று தண்ணீரும் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் பெல்ட் நிறப்படி வரிசையாக நிற்கும். இவளை மஞ்சள் வரிசைப் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திக்கொண்டன. மாஸ்டர் இன்னும் வரவில்லை. முதலில் பார்த்தது வடிவு டீச்சர். அவர் மகன் அந்த டெஸ்டில்தான் மஞ்சள் வாங்கியிருந்தான், அதுவும் இரண்டாவது தடவை எழுதி.

"என்னக்கா, வீட்டுலயே டெஸ்ட் வச்சிட்டீங்களா?"

"அம்மை இறங்கி மஞ்சத்தண்ணில நனைச்சது டீச்சர்."

"டிரெஸ் மட்டும் பளபளன்னு வெள்ளையா இருக்கு?"

"டிரெஸ் பீரோவுல இருந்துச்சு."

"துணி தைக்கிறவங்களுக்கு மஞ்சள் காடாவுல ஒட்டும்னு தெரியாதாக்கும்?"

நாலு அம்மாக்கள் சிரித்தார்கள். அந்த நாலு பேருக்கும் ஜாக்கெட் தைத்தது நான்தான். அடுத்த ஜாக்கெட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

உன்னிடம் மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? தெரியும். காடாத் துணி மஞ்சளைக் குடிக்கும் என்று தெரியாமலா முப்பது வருஷம் தைக்கிறேன்? முதல் தண்ணீரில் நனைத்தபோது இளமஞ்சளாகத்தான் வந்தது. இரண்டாவது தடவை மஞ்சள் கொஞ்சம் கூடப் போட்டேன். மூன்றாவது தடவை இன்னும் கொஞ்சம். மாரியாத்தாளுக்குக் குறை வைக்கக் கூடாது என்றுதான் போட்டேன். வேண்டுமென்றே செய்யவில்லை. செய்திருந்தாலும் தப்பில்லை.

மாஸ்டர் வந்தார். பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கோபம். "நாச்சியார், அந்த பெல்ட்டக் கழட்டிட்டு இந்த வெள்ளையக் கட்டிக்கம்மா" என்று பையிலிருந்து புது பெல்ட் ஒன்றை எடுத்தார். இவள் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

நான் எழுந்தேன். கொடிமரத்திலிருந்து நேராக நடு கிரவுண்டுக்குப் போனேன், செருப்போடு. செருப்போடு போகக் கூடாது அங்கே.

"அது அவ பெல்ட்டு மாஸ்டர். கழட்ட மாட்டா."

"அக்கா, நிறம் நான் குடுக்கணும்."

"ஆத்தா குடுத்திருக்கா. உங்களுக்கு மேல அவ."

"ஆத்தா குடுத்தத வீட்டுல கட்டட்டும் அக்கா. இங்க நிக்கிற பதினோரு பிள்ளைங்க டெஸ்ட் எழுதி வாங்கியிருக்கு. அதுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அப்ப டெஸ்ட வைங்க. இப்பவே வைங்க. இருபது அடியும் செய்வா. ஒரு அடி தப்பினா நாங்க திரும்பி வர மாட்டோம்."

என் வாய் இருக்கிறதே. அவர் திரும்பி வர வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நானாகச் சொன்னேன். ஆனால் சொல்லியாகிவிட்டது, டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கிறார், எப்படி இறங்குவது?

மாஸ்டர் அவளிடம் குனிந்து, "செய்றியா நாச்சியார்?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள்.

எல்லாப் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்தார்கள். இவள் நடுவில் தனியாக நின்றாள். பதினெட்டு நாள் படுக்கையில் கிடந்த கால், குச்சி மாதிரி. வணங்கினாள். ஆரம்பித்தாள். முதல் நாலு சரி. ஐந்து, ஆறு சரி. ஏழாவதில் நின்றுவிட்டாள். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் சும்மா இருப்பேனா? "இடது பக்கம்டி, இடது!" என்றேன். திரும்பினாள். "கீழ தடு! முன்னால வை!" செய்தாள். டீச்சர், "இதென்ன டெஸ்ட்டா, பொம்மலாட்டமா?" என்று சத்தமாகவே கேட்டார். நான் அவருக்கும் ஒரு பதில் சொல்லிக்கொண்டு, இவளுக்கும் அடியைச் சொல்லிக்கொண்டு, கையை வேறு ஆட்டிக் காட்டிக்கொண்டு… "வலது காலு! வலதுடி! சோத்துக்கை பக்கம்!"

அவள் நின்றாள். இரண்டு கையையும் மூடி இடுப்பில் வைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, பேசாத! வெளிய போ!"

எப்படிச் சொன்னாள் தெரியுமா? வயிற்றிலிருந்து. தொட்டி மேல் இருந்த புறாவெல்லாம் பறந்துவிட்டது. ஆறு மாதமாக அந்த மாஸ்டர் தலைகீழாக நின்றும் வராத சத்தம். முட்டைக்கு வராத சத்தம். அம்மையில் உடம்பெல்லாம் எரிந்தபோது வராத சத்தம். யாரைப் பார்த்து வந்தது? என்னைப் பார்த்து. பெற்று, ஆற்றி ஊட்டி, பை சுமந்த என்னைப் பார்த்து.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர்கூடச் சிரிக்கவில்லை. மாஸ்டர் மெதுவாக, "அக்கா, பிள்ளை சொல்லுது" என்றார்.

போனேன். கேட்டுக்கு வெளியே வந்து, இதே கட்டையில், இதே மாதிரி ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். கோபம்தான், வேறென்ன? கண்ணில் தூசி வேறு. உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து வந்தாள், பெல்ட்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தாள். நான் போட்ட முடிச்சு. அதை யாரும் அவிழ்க்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

"பதினாலோட மறந்துபோச்சும்மா" என்றாள். "நான் பாஸ் இல்ல. நீயும் பொய் சொல்லிட்ட."

அப்போதும் நான் விடவில்லை. "வா, இந்த ஆள் இல்லாட்டி ஆயிரம் மாஸ்டர்" என்று கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டாள். "நான் வருவேன். நீ திரும்பி வர மாட்டோம்னு சொன்ன. நான் சொல்லல" என்றாள். ஆறு வயசு! பிறகு மாஸ்டரிடம் தானே போய்க் கேட்டாளாம், புது பெல்ட் வேண்டாம், என் பெல்ட்தான் வேண்டும், வெள்ளையாக்கிக்கொண்டு வருகிறேன் என்று. அவர் சரியென்றாராம். அதுவரைக்கும் வெள்ளை வரிசையில் கடைசியில், பெல்ட் இல்லாமல் நிற்கலாமாம்.

துவைக்கக் கூடாதே. அதனால் வெயிலில் போட்டேன். மஞ்சள் வெயிலுக்குப் போகும். சோப்பு போட்டால் சிவந்துதான் போகும், வெயில்தான் தின்னும். இரண்டு மாதம் தினம் மொட்டைமாடிக் கொடியில் போட்டேன், மதியம் புரட்டிப் போட்டேன், சாயங்காலம் எடுத்தேன். மூன்றாம் வாரமே ஓரளவு வெளுத்துவிட்டது, கட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். முடிச்சை அவளே போட்டுக்கொள்கிறாள், கோணல் மாணலாக. முடிச்சு விழுகிற இடத்தில் மட்டும் மஞ்சள் போகவில்லை. போகாவிட்டால் போகிறது. அதை நான் தேய்க்க மாட்டேன். ஆத்தா இட்டது, கொஞ்சமாவது இருக்கட்டும். அதற்கு யாராவது ஏதாவது சொன்னால் மறுபடியும் செருப்போடு உள்ளே போவேன்.

போக மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

முட்டையா? அதை ஏன் கேட்கிறாய். போன மாதம் ஆயா சொன்னார்கள், இப்போது தட்டில் முட்டை விழுந்ததும் இவள் கையால் மூடிக்கொண்டு அவனைப் பார்க்கிறாளாம். அடிக்கவில்லை, ஒன்றுமில்லை, பார்க்கிறாளாம். அவன் தன் முட்டையைத் தின்கிறானாம்.

நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: சேர்த்துவிடு. கை கால் பலமாகுமா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் ஓட்டத்தில் கடைசிதானே. ஆனால் வீட்டில் எதிர்த்துப் பேசும். "இட்லிய நானே பிச்சுக்குவேன்" என்று சொல்லும். "ரோட்டுல என் கைய விடு" என்று சொல்லும். அதை மட்டும் நான் விடவில்லை, ரோடு ரோடுதான்.

என்ன, வெள்ளை பெல்ட்டா? அவளையா கூப்பிட்டார்? நடுவில் நிற்கிறாளா? வணங்கினாளா? என்னை ஏன் தொடுகிறாய், நான் திரும்ப மாட்டேன். நீ சொல்லிக்கொண்டே இரு. இடது பக்கம் திரும்பினாளா? ம். கீழே தடுத்தாளா? ம். இப்போது ஏழு. ஏழில் நிற்பாள். நிற்கிறாளா? நிற்கவில்லையா? போய்விட்டாளா? எட்டு. ஒன்பது. உன் மகன் கையை விடு, அவனும் பார்க்கட்டும், எங்கே ஓடிவிடப் போகிறான். பன்னிரண்டா? பதின்மூன்று. இதுதான்மா, பதினாலு, வலது பக்கம், சோத்துக்கை பக்கம்… இல்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடிவிட்டேன். பார், கையால் மூடிவிட்டேன்.

நின்றுவிட்டாளா? இங்கே பார்க்கிறாளா? என் முதுகைத்தான் பார்ப்பாள். பார்க்கட்டும். நான் இங்கேதான் இருக்கிறேன், திரும்ப மாட்டேன், நீயே திரும்புடி, நீயே…

திரும்பிவிட்டாளா? பதினெட்டு, பத்தொன்பது… போதும்மா, நீ சொல்ல வேண்டாம். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது.